அவிழ்க்காத பின்னல்

"பெரியவ எப்படிப் படிக்கிறா?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள் மருந்துக்கடைக்காரி.

பார்லர்காரம்மாவின் பல்லுக்கிடையில் நூல் இருந்தது. அதனால் "ம்" என்று மட்டும் சொன்னாள். புருவத்தின் மேல் நூல் வேகமாக ஓடியது.

"கடைசி வருஷம்தானே? அடுத்து என்ன, வேலையா, மேல படிக்கிறாளா?"

"ம்."

"ஆ! வலிக்குதுக்கா. இன்னைக்கு என்ன, எம்மேல ஏதாவது கோபமா?"

புருவத்தின் வாலில் இரண்டு முடி கூடுதலாகப் போயிருந்தது. "மன்னிச்சுக்கோம்மா" என்று அவசரமாக ஜெல்லைத் தடவினாள். மருந்துக்கடைக்காரி கண்ணாடியில் சாய்ந்து பார்த்தாள்.

"விடுங்க. என் வீட்டுக்காரர் என் முகத்தை நிமிர்ந்து பாத்தாத்தானே கண்டுபிடிக்கப் போறார்?" என்று தானே சிரித்துக்கொண்டாள். பிறகு, கதவின் பலகை 'மூடியுள்ளது' என்று திருப்பப்படுவதைக் கவனித்தாள். "அதுக்குள்ளயா மூடறீங்க?"

"சொந்தத்துல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல. பாத்துட்டு வரணும்."

தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்த சின்னவள் ஒரு கணம் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். உடனே குனிந்துகொண்டாள். அந்தக் குனிவைத்தான் பார்லர்காரம்மாவால் தாங்க முடியவில்லை.

விடுதி வார்டன் போன் செய்த நாளிலிருந்து இந்த வீட்டில் எல்லோரும் கொஞ்சம் குனிந்துதான் நடக்கிறார்கள். பல்கலைக்கழக விடுதியில் முதல் வருஷத்துப் பெண் ஒருத்தியின் தலைமுடியைப் பெரியவள் வெட்டிவிட்டாள் என்பது புகார். அந்தப் பெண்ணின் அப்பாவே நேரில் போய்க் கொடுத்த புகார். இன்று ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கிறது. பெற்றவர்கள் வர வேண்டும். பெரியவளின் அப்பா லாரியில் சரக்கேற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தினமும் போனில், "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார். "நல்லா இருக்கோம்" என்று இவர்கள் மாறி மாறிச் சொன்னார்கள்.

பெரியவள் சொன்ன விவரம் வேறாக இருந்தது. "அவளே வந்து கேட்டாம்மா. வெட்டி விடுங்கக்கான்னு. வெட்டினேன். கொஞ்சம் கோணலாயிடுச்சு. இப்ப அவங்கப்பாவுக்குப் பயந்து மாத்திச் சொல்றா."

அம்மா நம்பினாள். பத்து வயதில் ஸ்டூல் மேல் ஏறி நின்று கத்தரி பிடித்த பெண். கோணல் எல்லோருக்கும் வருவதுதானே?

வாசலில் அவள் தம்பியின் கார் ஹாரன் அடித்தது.

---

தம்பி இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். சாவைப் பற்றியே பேசி ஆட்களைச் சிரிக்க வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுவான். வழி முழுக்க அவன்தான் பேசினான்.

"அக்கா, விஷயம் ரொம்ப சிம்பிள். அந்தப் பொண்ணு கேட்டு வெட்டினதுன்னா ஒரு எச்சரிக்கை, ஹாஸ்டலை விட்டுப் போகச் சொல்லுவாங்க. அவ்வளவுதான். பரீட்சை எழுதிடலாம். கேக்காம வெட்டினதுன்னு ஆச்சுன்னா அது ராகிங். ஒரு வருஷம் வெளிய. மேலிடத்துல ஆள் பிடிக்கலேன்னா மொத்தமா வெளிய. அப்புறம் வேற எந்தக் காலேஜ்லயும் வாசப்படி ஏற முடியாது."

"கேட்டுத்தானேடா வெட்டியிருக்கா?"

"அதத்தான் நீ சொல்லப்போற. பொண்ணுக்குச் சின்ன வயசுலேருந்து கடையில வெட்டிப் பழக்கம், யாராவது கேட்டா வெட்டிவிடுவா, தொழில் தெரிஞ்ச நான் சொல்றேன்... இதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம். நீ பாட்டுக்குக் கதை அளக்காதே. புரொபசருங்க. நாம பேசப் பேச மார்க் குறைப்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "உன் பொண்ணு என்ன சொல்றா? அவளும் அதே மாடியிலதானே இருக்கா?"

"அவ அன்னைக்கு லைப்ரரியில இருந்தா. அவளுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, முன்னால் போன ஸ்கூட்டர்காரனைத் திட்ட ஆரம்பித்தான்.

நிர்வாகக் கட்டடத்தின் முதல் மாடியில் நீளமான நடை. பெஞ்சுகள் சுவரோடு சேர்த்துத் திருகப்பட்டிருந்தன. பெரியவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரியிருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு வந்தவள் போல இருந்தாள்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். "அவளே கேட்டாதானேடி?"

"இதை எத்தனை தடவைம்மா கேப்ப? நீயே நம்பலேன்னா உள்ள இருக்கிறவங்க எப்படி நம்புவாங்க?"

"நம்பறேன். நம்பாமயா வந்தேன்?"

கேட்டதற்கே அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. மகளைச் சந்தேகப்பட்ட முகத்தைக் கழுவிக்கொள்ளலாம் என்று எழுந்து போனாள்.

---

கழிவறைக் கண்ணாடியின் முன் ஒரு பெண் நின்று, தலையில் சுற்றிய ஸ்கார்ஃபில் ஊசி குத்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பெண் என்றுகூடச் சொல்லலாம், அவ்வளவு சின்ன முகம். ஊசி விரலிலிருந்து நழுவி வாஷ்பேசினில் விழுந்தது. எடுத்தாள். மறுபடியும் விழுந்தது.

"இரு பாப்பா, நான் குத்திவிடறேன். உனக்குப் பின்னாடி கண்ணா இருக்கு?"

அந்தப் பெண் லேசாகச் சிரித்துவிட்டுத் திரும்பி நின்றாள். பார்லர்காரம்மா ஸ்கார்ஃபை நேராக்க மேலே தூக்கினாள். உள்ளே இருந்தது தெரிந்தது.

வலப்பக்கம் தோள்வரை தொங்கியது. இடப்பக்கம் காதுக்குக் கீழே நின்றது. நடுவில் படிக்கட்டு படிக்கட்டாக ஏறியிருந்தது. கடைக்கு வருகிறவர்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், யோசிக்கும் முன்னே கேட்டுவிட்டது.

"அடக் கடவுளே, எந்தக் கடையிலம்மா இப்படிப் பண்ணி வெச்சாங்க?"

"கடையில இல்ல ஆன்ட்டி."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. பார்லர்காரம்மாவின் கைகள் ஸ்கார்ஃபைப் பிடித்தபடியே நின்றுவிட்டன. வெட்டிக்கொள்ள வருகிறவள் யாராக இருந்தாலும் வெட்டுகிறவர்கள் முதலில் பின்னலை அவிழ்ப்பார்கள். சிக்கெடுப்பார்கள். தண்ணீர் தெளிப்பார்கள். பெரியவளுக்குக் கத்தரியைத் தருவதற்கு முன் அவள் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். இந்த முடியை யாரும் அவிழ்க்கவில்லை. பின்னலைப் பின்னலாகவே ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து அறுத்திருக்கிறார்கள்.

கழுத்தில் சின்னதாக ஒரு கீறலும் இருந்தது. திமிறினால் விழுகிற கீறல்.

"ஆன்ட்டி, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா? சமமா வளந்துடுமா?"

"வளந்துடும்."

"எங்கப்பா இதைப் பாத்ததுலேருந்து எங்கிட்டப் பேசவே இல்ல. சாப்பிடு, தூங்குன்னு மட்டும் சொல்றார். எம்மேல என்ன தப்புன்னு தெரியல."

"உம்மேல ஒரு தப்பும் இல்லம்மா."

ஊசியைக் குத்தும்போது அது தன் விரலில்தான் இறங்கியது. காட்டிக்கொள்ளாமல் விரலை மடக்கிக்கொண்டாள்.

"நீங்க யாரோட அம்மா ஆன்ட்டி?"

கண்ணாடியில் அந்தச் சின்ன முகம் நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"இங்க ஒரு வேலையா வந்தேன்" என்று சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவாமலே வெளியே வந்தாள்.

---

உள்ளே நீள மேசை. தலைமை வகித்த பேராசிரியை வயதானவர், குரலை உயர்த்தாதவர். அவருக்கு இருபுறமும் வார்டனும் இன்னொரு பேராசிரியரும் இருந்தார்கள். சுவரோரம் அந்தப் பெண்ணும் அவளுடைய அப்பாவும். அவர் பெயின்டர் போலிருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகாத வெள்ளைப் பெயின்ட் விரல் நகங்களின் ஓரத்தில் இருந்தது.

பெரியவளோடும் தம்பியோடும் உள்ளே வந்த பார்லர்காரம்மாவை அந்தப் பெண் பார்த்தாள். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு, இவள் எந்தப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்கிறாள் என்று கவனித்தாள். மலர்ச்சி மெதுவாக அணைந்தது. கை தானாக ஸ்கார்ஃபை இழுத்துவிட்டுக்கொண்டது.

பார்லர்காரம்மா தன் மடியைப் பார்த்துக்கொண்டாள். வேறெங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பெரியவள் தடங்கலில்லாமல் சொன்னாள். அவளே அறைக்கு வந்தாள், அவளே கேட்டாள், அவசரத்தில் கை தவறிவிட்டது. "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்" என்று முடித்தபோது குரல்கூடச் சரியான இடத்தில் தழுதழுத்தது. அவளுடைய மாமா திருப்தியாகத் தலையாட்டினான்.

"நான் கேக்கல" என்றாள் அந்தப் பெண். அவ்வளவுதான் சொன்னாள். மேற்கொண்டு சொல்ல வாய் எடுத்து, அப்பாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் சொல்றாங்க. வேற யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க" என்றார் பேராசிரியை. பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். "நீங்க பார்லர் வெச்சிருக்கீங்களாமே. உங்க பொண்ணுக்கு முடி வெட்டத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"யாராவது கேட்டா வெட்டிவிடற பழக்கம் உண்டா?"

"உண்டு மேடம்."

தம்பி மூச்சு விட்டான். இத்தோடு நிறுத்த வேண்டும். கார் முழுக்கச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

"நல்லா வெட்டுவாளா?"

"நல்லா வெட்டுவா."

"அப்படின்னா இது ஏன் இப்படி ஆச்சு?"

கை தவறிவிட்டது என்று சொன்னால் போதும். இரண்டே சொல். பெரியவள் பக்கத்தில் அசையாமல் இருந்தாள். அவளுடைய முழங்கால் மட்டும் மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அந்த முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் அம்மா தூங்குவாள்.

"மேடம்..." என்று ஆரம்பித்தாள். "வெட்டிக்க வந்தவளுக்கு இவ இப்படி வெட்டமாட்டா மேடம்."

"புரியல."

"பின்னலை அவிழ்க்கல. அவிழ்க்காம வெட்டறது... அது கேட்டவங்களுக்கு வெட்டறது இல்ல."

"அக்கா!" என்றான் தம்பி.

பெயின்டர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். பெரியவள் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய முழங்கால் நின்றுவிட்டது.

அவர்களை வெளியே அனுப்பி, மறுபடி உள்ளே கூப்பிட்டு, முடிவைச் சொன்னார்கள். ஒரு வருஷம் இடைநீக்கம். இந்த வருஷப் பரீட்சை எழுத முடியாது. விடுதியை இன்றே காலி செய்ய வேண்டும். "கூட இருந்தவங்க பேரைச் சொன்னா, அடுத்த பருவத்துலேயே திரும்ப வர்றதைப் பத்தி யோசிக்கலாம்" என்று பேராசிரியை கேட்டுப் பார்த்தார். பெரியவள் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

---

விடுதி அறையில் பெரியவள் துணிகளை மடிக்காமல் பையில் திணித்தாள். நடையில் பெண்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். வாசலைக் கடக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்தினார்கள்.

"நீயெல்லாம் அம்மாவா?" என்றாள் பெரியவள். சத்தம் போடவில்லை. "எதிரிகூட இப்படிச் செய்ய மாட்டான்."

"எங்கிட்டப் பொய் சொன்னியேடி."

"உண்மையைச் சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

"வந்திருப்பேன்."

"வந்து?"

அம்மா கட்டிலில் கிடந்த ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். பெரியவள் அதைப் பிடுங்கிப் பையில் போட்டாள்.

"மூணு வருஷமா இங்க என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, தெரியுமா உனக்கு? 'பார்லர்'. 'ஏய் பார்லர், புருவம் எடுத்துவிடு. ஏய் பார்லர், காலைக் கழுவிவிடுவியா?' எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். அன்னைக்கு அவ ஒத்தப் பின்னலோட வந்தா. முதல் வருஷம்னா ரெண்டு பின்னல் போடணும்னு சீனியர் ரூல். 'பார்லர், நீதான் வெட்டணும், உன்னாலதான் முடியும்'னு எல்லாரும் என்னை நடுவுல விட்டாங்க. முதல் தடவையா நடுவுல."

"எல்லாரும்னா யாரு?"

பெரியவள் பையின் ஜிப்பை இழுத்தாள். அது நடுவில் சிக்கிக்கொண்டது.

"அவ திமிறினா. பிடிச்சுக்க ஆள் வேணும்ல? அவ கையை யார் பிடிச்சாங்கன்னு உன் தம்பிகிட்டப் போய்க் கேளு. போன் வந்த அன்னைக்கே அவருக்குத் தெரியும். 'உன்னோட போகட்டும், என் பொண்ணை இழுக்காதே, நான் அக்காகிட்டப் பேசி உன்னை வெளிய கொண்டுவரேன்'னு சொன்னதே மாமாதான்."

பார்லர்காரம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். லைப்ரரி என்று அவன் அவ்வளவு வேகமாகச் சொன்னது இப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

---

தம்பி காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். பைகளைத் தானே வாங்கி அடுக்கினான்.

"நடந்தது நடந்துபோச்சு. ஒரு வருஷம் ஓடறது தெரியாது. அப்பீல் இருக்கு. உனக்கு வாயைக் கட்டத் தெரியலேக்கா, என்ன பண்றது? நாளைக்கே வேற ஆளைப் பிடிக்கறேன்."

"உன் பொண்ணு எங்கடா?"

"படிக்கிறா. பரீட்சை வருதில்ல?"

"கீழ வந்து அத்தையைப் பாக்கச் சொல்லு."

அவன் கையிலிருந்த பையை உள்ளே வைத்தான். தேவையில்லாமல் அதை நகர்த்தி, மறுபடி நகர்த்தினான். நிமிரவில்லை.

"அக்கா, அவளுக்கு வேலை கிடைச்சிருக்கு. உனக்கே தெரியும். ரிசல்ட் வந்ததும் சேரணும்."

"என் பொண்ணுக்குப் பரீட்சையே இல்ல."

"உன் பொண்ணைப் பத்தி நீதானே சொன்ன? நானா சொன்னேன்?"

அவன் சொன்னது உண்மைதான். அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பெரியவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

வண்டி கிளம்பும் முன் பெயின்டரும் அவருடைய மகளும் அந்த வழியாக வந்தார்கள். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மகள் நாலடி தள்ளி வந்தாள். காரைத் தாண்டும்போது அந்தப் பெண் நின்றாள். திறந்த ஜன்னல் வழியே பார்லர்காரம்மாவை மட்டும் பார்த்தாள்.

"அங்க பாத்ரூம்லயே சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அப்பா திரும்பி, "வாம்மா" என்றார். அவள் போய்விட்டாள்.

காருக்குள் மூன்று பேரும் குனிந்திருந்தார்கள். தம்பி சாவியைத் திருகினான். இன்ஜின் ஓடத் தொடங்கியது. பார்லர்காரம்மா கதவைத் திறந்தாள்.

"எங்க போற?"

"உள்ள."

"அக்கா, போதும். இன்னொரு பொண்ணு வாழ்க்கையையும் சேத்துக் கெடுக்கணுமா? அவ உன் மருமக."

ஒரு கால் தரையில் இருந்தது. பின்னாலிருந்து பெரியவளின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கமான பிடி.

"விடுடி. உனக்காகத்தான் போறேன். அவ பேரைச் சொன்னா உன்னை அடுத்த பருவமே வரச் சொல்லுவாங்க."

"அதுக்காகப் போகாதே."

"ஏன்?"

"அவ கையைத்தாம்மா பிடிச்சா." பெரியவளின் முகம் இருக்கையின் முதுகில் புதைந்திருந்தது. குரல் அங்கிருந்து வந்தது. "பின்னல் தடியா இருந்துச்சு. ஒரே வெட்டுல போகல. நாலஞ்சு தடவை வெட்ட வேண்டியிருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணு 'அக்கா, அக்கா'ன்னா. ஒவ்வொரு தடவையும் நான் நிறுத்தியிருக்கலாம்."

தம்பி இன்ஜினை அணைத்தான்.

பார்லர்காரம்மா இறங்கவும் இல்லை, காலை உள்ளே இழுத்துக்கொள்ளவும் இல்லை. அவளுடைய போன் அடித்தது. லாரியோடு போயிருந்த பெரியவளின் அப்பா. வழக்கமாகக் கேட்கிற நேரம் இல்லை இது.

"நான்தான்" என்றார் அவர். குரல் வேறு மாதிரி இருந்தது. "வழியில ஒரு டீக்கடையில நிறுத்தினேன். பக்கத்துல ஒருத்தன் போன்ல ஏதோ வீடியோ காட்டிச் சிரிச்சிக்கிட்டிருக்கான். நாலஞ்சு பொண்ணுங்க, ஹாஸ்டல் ரூம் மாதிரி இருக்கு. அதுல கத்தரி பிடிச்சிருக்கிறது நம்ம பொண்ணு மாதிரி இருக்கு. இல்லன்னு சொல்லு."